கால் பல்லால் வந்த மனஸ்தாபம்!



கல்யாண வீட்டு மனஸ்தாபங்களைப் பற்றி இந்தப் பகுதியில் எத்தனையோ பேர் எழுதிவிட்டீர்கள். பந்தியில் கவனிக்கவில்லை, சீரில் குறை, பத்திரிகையில் பெயர் விட்டுப்போச்சு என்று காரணங்கள் பல. எங்கள் வீட்டில் வந்த மனஸ்தாபத்துக்குக் காரணம் என்ன தெரியுமா? என் வாயிலிருந்த ஒரு உடைந்த பல். முழுப் பல்கூட இல்லை, கால் பல்! கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் அதனால் என் மகள் மூன்று வருஷம் புகுந்த வீட்டில் மனக்கஷ்டப்பட்டாள். அதனால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

2022 ஆவணியில் என் மகளுக்குப் புதுக்கோட்டையில் கல்யாணம். நல்ல இடம், தங்கமான மாப்பிள்ளை. கல்யாண வேலை அத்தனையையும் நானும் இவரும் ஓடியாடிப் பார்த்தோம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வருஷம் பொங்கலுக்கு வந்த மகள், ராத்திரி அடுப்படியில் தனியாக இருக்கும்போது மெல்ல ஆரம்பித்தாள். "ஏம்மா, இந்தச் சம்பந்தத்துல உனக்கு இஷ்டமே இல்லையா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாருடி சொன்னா?" என்றேன். "எங்க அத்தைதான். கல்யாண ஆல்பத்தை எப்ப எடுத்தாலும் சொல்லுவாங்க. 'உங்க அம்மா ஒரு போட்டோவுலயாவது சிரிச்ச மொகமா இருக்காங்களா பாரு. உம்முனு நிக்கிறாங்க. வாசல்ல வாங்கன்னு கூப்பிட்டப்பகூட வாயைத் தொறக்கல. எங்க வசதி அவங்களுக்குப் பத்தல போலருக்கு'ன்னு."

ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த அம்மா சொன்னது பொய்யில்லை. மாலை மாற்றும்போது, தாரை வார்க்கும்போது, சம்பந்திகளோடு நிற்கும்போது, ஒவ்வொரு படத்திலும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, ஏதோ சண்டைக்குப் போகிறவள் மாதிரி நிற்கிறேன். அன்றைக்கு என் மனசில் இருந்த சந்தோஷம் எனக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்?

சைக்கிள் கொடுத்த பரிசு

விஷயம் இதுதான். என் மேல் வரிசை முன்பல் இரண்டில் ஒன்று, ஓரத்தில் கால்வாசி உடைந்தது. உடைந்த கதையை நம் மாவட்டத்துச் சகோதரிகள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

1991, 92-ல் புதுக்கோட்டை மாவட்டம் முழுக்க அறிவொளி இயக்கம் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்களுக்கு எழுத்தறிவோடு சைக்கிளும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று முன்னின்று செய்தார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த ஆம்பிளை சைக்கிளிலேயே பழகினவர்கள் ஏராளம். அதில் நானும் ஒருத்தி. எனக்கு அப்போது 19 வயசு. அண்ணனுடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்மாய்க் கரையில் பழகினேன். நாலாம் நாள் பிரேக் பிடிக்கத் தெரியாமல் மதகுக் கல்லில் போய் விழுந்தேன். உதடு கிழிந்து ரத்தம். பல்லின் ஓரம் காணோம். உடைந்த துண்டைத் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அப்பத்தா வந்து தலையில் அடித்துக்கொண்டது. "கல்யாணத்துக்கு நிக்கிற பிள்ளை பல்லை ஒடச்சிக்கிட்டு நிக்குதே!" என்று ஒரே அழுகை. அந்தக் காலத்தில் ஒருவரிடம் காட்டியதற்கு, "பிடுங்கிட்டு வேற பல்லு கட்டிடலாம்" என்றார். எங்க ஐயா, "நல்ல பல்லைப் பிடுங்குறதா?" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் சைக்கிளை மட்டும் நான் விடவில்லை. அது வேறு கதை!

அதிலிருந்து வாயைப் பொத்திச் சிரிக்க ஆரம்பித்தேன். முதலில் கை, கல்யாணத்துக்குப் பிறகு முந்தானை. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் வாயே திறக்கவில்லை. "அடக்கமான பொண்ணு" என்று பேர் கிடைத்தது! "பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு" என்று ஒரு பழமொழி சொல்வார்களே, அது எனக்கு ரொம்ப வசதியாகப் போய்விட்டது. கல்யாணமான மறுவாரம்தான் இவருக்கே தெரியும். "அதனால என்ன?" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். நல்ல மனுஷர். ஆனால் வாய் மூடும் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. முப்பது வருஷத்தில் உதடே தானாக மூடிக்கொள்ளப் பழகிவிட்டது. போட்டோ என்றால் இன்னும் மோசம்.

"இந்த வயசுல எதுக்கு?"

மகள் ஊருக்குப் போனதும் இவரிடம் சொன்னேன். "பல்லைச் சரி பண்ணிக்கலாம்னு இருக்கேன்." இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அம்பது வயசுக்கு மேல எதுக்கு இந்த ஆசை? எனக்கு அது பழகிப்போச்சு" என்றார். "உங்களுக்குப் பழகிருச்சு, சம்பந்தியம்மாவுக்குப் பழகலியே" என்றேன். பதிலே இல்லை. பால் ஊற்றுகிற காசில் சேர்த்து வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு நானே பஸ் ஏறினேன்.

புதுக்கோட்டையில் நான் போனது ஒரு பெண் டாக்டரிடம். மகள் வயசுதான் இருக்கும். பல்லைக் கட்டச் சொல்வார்கள், சுற்றிலும் ராவிவிட்டு உறை போடச் சொல்வார்கள் என்று பயந்துகொண்டுதான் போனேன். அவர் முதலில் வேரை எக்ஸ்ரே எடுத்தார். பிறகு குளிர்ந்த பஞ்சை வைத்து, "கூசுதா அம்மா?" என்று கேட்டார். கூசியது. "நல்லது. அடிபட்ட பல்லுக்குள்ள நரம்பு சில சமயம் வெளியில தெரியாமலே செத்துப் போயிருக்கும். பல்லு கறுத்து வரும், வேர்ல சீழ் கட்டும். அப்படி இருந்தா முதல்ல வேர் சிகிச்சை பண்ணணும். உங்க பல்லுக்கு உயிர் இருக்கு. உறை போட்டா நல்ல பல்லைச் சுத்தி ராவணும். அது வேண்டாம். 'பாண்டிங்' போதும்" என்றார்.

பாண்டிங் என்றால் என்ன?

ஒட்டுவது என்றுதான் அர்த்தம். பல் நிறத்திலேயே இருக்கும் 'காம்போசிட்' என்ற பசை போன்ற பொருளைப் பல்லின் மேல் ஒட்டி, வேண்டிய வடிவத்தில் செதுக்கி, ஒரு நீல வெளிச்சத்தைக் காட்டி இறுக வைக்கிறார்கள். பிசினும் மிக நுண்ணிய கண்ணாடித் துகளும் கலந்த பொருள் அது.

எனக்குச் செய்ததை அப்படியே சொல்கிறேன். முதலில் பல்லைச் சுத்தம் செய்தார். பிறகு ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, பல பல்வரிசை மாதிரியை வாயருகே பிடித்து நிறம் பார்த்தார். பல் காய்ந்துவிட்டால் வெளுத்துக் காட்டும், அதனால் ஈரம் இருக்கும்போதே நிறம் பார்த்துவிட வேண்டுமாம். நான் இருப்பதிலேயே வெள்ளையானதைக் காட்டினேன். "புடவையில ஒட்டுப் போடும்போது அதே கலர் துணிதானே எடுப்பீங்க?" என்று சிரித்தார். புரிந்துபோயிற்று.

அடுத்து, உடைந்த இடத்தில் நீல நிறத்தில் ஒரு களிம்பு தடவினார். அது பாஸ்பாரிக் அமிலம். அமிலம் என்றதும் பயந்தேன். அரை நிமிஷம்கூட வைக்கவில்லை, கழுவிவிட்டார். பல்லின் மேல்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு வருவதற்காக அது. கொத்தனார் பழைய தரையில் சிமெண்ட் பூசுவதற்கு முன்னால் கொத்திவிடுவார் இல்லையா? அதே கணக்குத்தான். வழவழப்பில் எதுவும் பிடிக்காது.

அதன் மேல் ஒட்டும் திரவம் தடவி வெளிச்சம் காட்டினார். பிறகு காம்போசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, ஒவ்வொரு படைக்கும் இருபது செகண்ட் வெளிச்சம். கண்ணுக்கு ஆரஞ்சு நிறக் கண்ணாடி கொடுத்தார்கள், அந்த வெளிச்சத்தை நேராகப் பார்க்கக் கூடாதாம். கடைசியில் ஒரு நிறத்தாளைக் கடிக்கச் சொல்லி, எங்கே இடிக்கிறது என்று பார்த்துத் தேய்த்து, மெருகேற்றிவிட்டார். ஊசி போடவில்லை, வலியும் இல்லை. எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம். எனக்கு ஆன செலவு ஆயிரத்து எண்ணூறு ரூபாய். ஊருக்கு ஊர், டாக்டருக்கு டாக்டர் இது மாறும்.

இது புதுசாக வந்த வித்தையும் இல்லை. அமிலத்தால் பல்லைச் சொரசொரப்பாக்கினால் பிசின் பிடிக்கும் என்று அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புயோனோகோர் 1955-லேயே எழுதிவிட்டார். உலோகத்தில் பெயிண்ட் நன்றாகப் பிடிக்க அமிலம் தடவுகிறார்களே, பல்லுக்கும் அது ஆகாதா என்று யோசித்திருக்கிறார்! 1960-களில் ராபேல் போவன் என்பவர் இப்போது பயன்படும் பிசினுக்கு வழி செய்தார். நான் மதகில் விழுந்தபோதே உலகத்தில் இதற்கு வைத்தியம் இருந்திருக்கிறது. எங்கள் கம்மாய்க் கரைக்குத்தான் வந்து சேரவில்லை.

எதற்கு ஆகும், எதற்கு ஆகாது?

அந்த டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பல் ஓரம் உடைந்தது, சின்னச் சந்து, பல்லில் திட்டுத் திட்டான கறை, ஒரு பல் மட்டும் குட்டையாக இருப்பது, இதற்கெல்லாம் பாண்டிங் ஆகும். பல் வரிசையே கோணலாக இருந்தாலோ, சந்து பெரிதாக இருந்தாலோ கம்பி போட்டு நேராக்குவதுதான் சரி. பல் பாதிக்கு மேல் போய்விட்டால் உறை தேவைப்படலாம்.

தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமுள்ள ஊர்களில், தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போல, சின்ன வயசிலிருந்து அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை வரும். அது பல் உருவாகும்போதே உள்ளே ஏறிய கறை. செங்கல் பொடி, சாம்பல், உமிக்கரி எது போட்டுத் தேய்த்தாலும் போகாது. பல்தான் தேயும். லேசான கறையானால் பாண்டிங் செய்து மறைக்கலாம்.

என்னைப் பார்த்துவிட்டு என் நாத்தனார் மகளும் அதே டாக்டரிடம் போனாள். கல்யாணத்துக்கு வரன் பார்க்கிறார்கள், முன்பல் ஆறையும் வெள்ளையாக்கித் தர வேண்டும் என்றாள். டாக்டர் மறுத்துவிட்டார்! "பல்லுல ஒண்ணும் குறையில்ல. ஈறுதான் வீங்கி ரத்தம் வருது. முதல்ல சுத்தம் பண்ணிட்டு ரெண்டு மாசம் ஒழுங்கா விளக்கிட்டு வா, அப்புறம் பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார். இரண்டு மாசத்தில் காரை போய், ஈறு இறுகி, அவளுக்கே தன் பல் பிடித்துப்போய்விட்டது. இன்னொன்றும் சொன்னாராம். பல்லை வெளுக்க வைக்கிற ஆசை இருந்தால் அதை முதலில் செய்துகொள்ள வேண்டும். ஒட்டிய பொருள் பிறகு வெளுக்காது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. எங்கள் தெருவில் ஒரு அக்கா, செலவு குறைச்சல் என்று படிக்காத ஒருவரிடம் போய் முன்பல்லுக்கு எதையோ வைத்து ஒட்டிக்கொண்டார். பக்கத்துப் பல்லோடும் ஈறோடும் சேர்த்து அப்பிவிட்டார்கள். தேய்த்து விளக்க இடமில்லை. ஈறு அழுகி, வாடை வந்து, கடைசியில் நல்ல பல் இரண்டையும் சேர்த்து எடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே பி.டி.எஸ். படித்தவரா, பதிவு எண் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். "எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா? நல்ல பல்லை ராவுவீர்களா? எத்தனை வருஷம் வரும்? உடைந்தால் திரும்பச் செய்ய முடியுமா?" என்று இந்த நாலையும் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மாசமாக இருக்கும் பெண்கள் அழகுக்காகச் செய்வதைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஆனால் பல்வலி, வீக்கம் என்றால் தள்ளிப் போடக் கூடாது, உடனே காட்டிவிட வேண்டும்.

நம் ஊரிலேயே இப்போது வசதி வந்திருக்கிறது. 2023 நவம்பரில் புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். வருஷத்துக்கு 50 பேர் படிக்கிற கல்லூரி. தனியாரிடம் செலவு செய்ய முடியாதவர்கள் அங்கே போய்க் கேட்டுப் பார்க்கலாம். 1886-ல் இதே புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி அம்மையார், ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்து படித்து, 1912-ல் டாக்டரானார். அந்த ஊரில் பெண்கள் வைத்தியத்துக்கு வெட்கப்படலாமா?

பார்த்துக்கொள்வது நம் கையில்

ஒட்டிய பல் ஆயுசுக்கும் வராது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஐந்திலிருந்து ஏழு வருஷம் வரும், சிலருக்குக் கூடவும் வரும். பிறகு மெருகேற்றலாம், மறுபடி ஒட்டலாம்.

முதல் இரண்டு நாள் காபி, டீ, மஞ்சள் தூக்கலான குழம்பு வேண்டாம் என்றார்கள். வெற்றிலை பாக்கு போடும் பழக்கம் இருந்தால் கறை ஏறத்தான் செய்யும். கரும்பு, சீடை, முறுக்கு, கல் போன்ற கடலை மிட்டாய் இவற்றை முன்பல்லால் கடிக்கக் கூடாது. கடைவாயில் வைத்து மெல்லலாம். மெத்தென்ற பிரஷ், சாதாரணப் பேஸ்ட் போதும். பொடி வகைகள் வேண்டாம், மெருகு போய்விடும்.

நமக்கென்றே சில கெட்ட பழக்கம் உண்டு. தைக்கும்போது நூலைப் பல்லால் கடிப்பது, பூக்கட்டும்போது நாரைக் கடிப்பது, சேப்டி பின்னைப் பல்லால் திறப்பது, மசாலா பாக்கெட்டைப் பல்லால் கிழிப்பது! எட்டாவது மாசம் நான் நூலைக் கடித்து ஓரத்தில் துளி பெயர்ந்துவிட்டது. திரும்பப் போய்ப் பத்து நிமிஷத்தில் சரி செய்துகொண்டேன். இப்போது தையல் பெட்டியில் கத்திரிக்கோலைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன்.

பிள்ளை குட்டிகள் இருக்கும் வீட்டுக்கு ஒரு முக்கியமான சேதி. பிள்ளை விழுந்து பல் உடைந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுத்துப் பாலில் போட்டுக்கொண்டு உடனே பல் டாக்டரிடம் ஓடுங்கள். பல சமயம் அதே துண்டையே திரும்ப ஒட்டிவிடலாம். விழுந்து முளைத்த நிரந்தரப் பல் வேரோடு வந்துவிட்டால், வேர்ப் பக்கம் தொடாமல், தேய்த்துக் கழுவாமல் பாலில் போட்டு எடுத்துப் போங்கள். ஒரு மணி நேரத்துக்குள் போனால் பிழைக்க வாய்ப்பு அதிகம். பால் பல்லாக இருந்தால் திரும்ப வைக்க மாட்டார்கள், ஆனாலும் காட்டிவிட வேண்டும். மதகடியில் என் துண்டை யாராவது தேடியிருந்தால் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

சம்பந்தி வீட்டுக்குப் போனேன்

பல் சரியான மறுவாரம், ஆலங்குடிப் பலாப்பழம் ஒன்றை வாங்கிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார் அந்த அம்மா. எனக்குப் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பையிலிருந்து பழைய ரேஷன் கார்டை எடுத்து, அதிலிருந்த என் படத்தைக் காட்டினேன்.

"அத்தாச்சி, இதப் பாருங்க. இது கவர்மெண்ட்டு எடுத்த படம். அவங்க மேல எனக்கு என்ன கோவம்? இதுலயும் உம்முனுதான் இருக்கேன். 19 வயசுல சைக்கிள்ல விழுந்து பல்லு ஒடஞ்சுது. அதை மறைக்கத்தான் வாயை மூடுனேன். உங்க வீட்டு மேலயோ உங்க மேலயோ எனக்கு ஒரு குறையும் இல்ல. என் பிள்ளைக்கு இப்படி ஒரு வீடு கெடச்சதேன்னு தினமும் சாமிக்கு வெளக்குப் போடுறேன்."

அந்த அம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "இதை அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல அத்தாச்சி? நான் என்னென்னமோ நெனச்சு அந்தப் பிள்ளையப் போட்டுப் பேசிட்டேனே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் தாழ்ந்த குரலில், "எனக்கும் கீழ ரெண்டு கட்டுன பல்லுதான். ராத்திரி கழட்டி வச்சிருவேன். மருமக பாத்துரக் கூடாதேன்னு விடியமுன்ன எந்திரிச்சிருவேன்!" என்றார். இருவரும் சிரித்த சிரிப்பில் அடுப்படியிலிருந்து மகள் பதறி ஓடி வந்தாள்.

சகோதரிகளே, பல்லைச் சரி செய்துகொண்டால்தான் மதிப்பு என்று நான் சொல்லவில்லை. உடைந்த பல்லோடு வாய்விட்டுச் சிரிக்கத் தைரியம் இருந்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை. எனக்கு அந்தத் தைரியம் இல்லை. முக்கால் மணி நேர வேலையை முப்பது வருஷம் தள்ளிப் போட்டேன். அதைவிடப் பெரிய தப்பு, காரணத்தை வாய்விட்டுச் சொல்லாதது. நாம் மூடி மறைப்பதை மற்றவர்கள் கோபம் என்றோ, திமிர் என்றோ அர்த்தம் பண்ணிக்கொள்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

வருகிற மாசம் பேரனுக்கு முடியிறக்கிக் காது குத்து வைத்திருக்கிறோம். போட்டோக்காரரிடம் இப்போதே சொல்லிவிட்டேன், "பாட்டிமார் ரெண்டு பேரையும் சேத்து வச்சு ஒரு படம் எடுக்கணும் தம்பி" என்று.

- ஒரு வாசகி,
ஆலங்குடி, புதுக்கோட்டை மாவட்டம்.